சட்டை பதினாறு

ஞாயிறு ஏழரைக்கு
ராணுவக் கல்லூரி லாரி வந்து நிற்கும்.
கார்ப்பரல் ரொஸ்லான் மூட்டையை இறக்கும் விதத்திலேயே
ஆட்டம் என்னவாயிற்றென்று எனக்குத் தெரிந்துவிடும்.
போன வருடம் தோளிலிருந்து வீசினான்.
இந்த வருடம்
தூங்கும் பிள்ளையைப் போல் கிடத்துகிறான்.

எத்தனை என்பேன்.
நான்கு விரல் காட்டுவான்.
ஒரு வாரம் இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பகாவ் கடைத்தெருவில் டெண்டர் எனக்குத்தான் விழுந்தது.
சட்டைக்கு ஒரு வெள்ளி இருபது காசு,
ஜெயித்தாலும் தோற்றாலும்.

ஆட்டம் நான் பார்த்ததே இல்லை.
சனிக்கிழமை மாலை செம்பனை ஆலைக்காரர்களின்
எண்ணெய்த் துணி வந்து குவிந்துவிடும்.
ஆனாலும் தெரியும்,
நான்காம் எண்காரன் வலப்பக்கமாகவே விழுகிறான்.
ஒன்பது தன் காலரைத் தானே கடிக்கிறான்.
பதினொன்றின் முழங்கையில் ரத்தம்;
பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும்,
சுடுநீர் பட்டால் கறை குடியேறிவிடும்.
கோல் காப்பவனுக்கு
நெஞ்சில் மண்ணே இல்லை,
முதுகில்தான்.
பந்து போன பிறகு
மல்லாந்து கிடந்திருக்கிறான், கொஞ்ச நேரம்.

கோப்பை வாங்கிய வருடம்
மூட்டை முழுக்க ரோஜா சிராப் வாசனை.
எறும்பை உதறி உதறி
சுமியாத்தி திட்டிக்கொண்டே துவைத்தாள்.
இந்த வருடம் எறும்பு வரவில்லை.

பன்னிரண்டுக்கு மேல் உள்ளவை
நான் மடித்த மடிப்போடே திரும்பி வரும்.
அதற்கும் காசு உண்டு.
ரசீது பொய் சொல்லக்கூடாதென்று
ஒரு தரம் அலசிப் போடுவேன்.
பதினாறாம் எண்
களம் காணாமலே வெளுத்துப்போனது,
என் கையால்.

கடைசி ஆட்டத்துக்கு மழை.
லாரி ஒன்பதுக்குத்தான் வந்தது.
நான் கேட்கவில்லை.
அவனும் விரல் நீட்டவில்லை.

அவிழ்த்தால் எல்லாம் ஒரே செம்மண்.
எண்களைத் தடவித்தான் கண்டுபிடித்தேன்.
பதினாறு,
கழுத்துவரை சேறு,
அக்குள் தையல் பிரிந்து தொங்க,
இடது தோளில்
யாரோ பிடித்து இழுத்த ஐந்து விரல்.

"ஆடிட்டான்டி" என்று சுமியாத்தியிடம் தூக்கிக் காட்டினேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
சோப்புக் கையோடு சிரித்தாள்.

"ஆறு, கோசோங்" என்றான் ரொஸ்லான் வாசலிலிருந்து.
சீனி போடாத தேநீருக்கும் இங்கே அதே சொல்தான்.
"கடைசிப் பத்து நிமிடம் ஒரு பையன் ஓடினான் பாருங்கள்..."
என்று ஆரம்பித்தவன்
லாரிச் சாவியைத் தேடத் தொடங்கிவிட்டான்.

மூன்று அலசலில் சேறு போனது.
ஐந்து விரலும் போயிற்று, மனமில்லாமல்.
பச்சை நூல் தீர்ந்துபோய்
வெள்ளை நூலில்தான் அக்குளைத் தைத்தேன்.
கணக்கில் எழுதவில்லை.

வெளியே தெரியாது.
கையை மேலே தூக்கினால் மட்டும்
தெரியும்.