பந்து எடுக்கப் போனவன்

எங்கள் கோலுக்கு வலை கிடையாது.
இருந்த வலையை ஐப்பசி மழைக்கு முன்பே
யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்,
கண்மாயில் கெளுத்தி பிடிக்க என்று பேச்சு.
ஆகவே என்னைத் தாண்டிய ஒவ்வொரு பந்தும்
நிற்காமல் உருண்டு
சீமைக்கருவேலத்துக்குள் போய் விழும்.
விட்டவன்தான் எடுக்க வேண்டும்.
விட்டவன் நான்.

முதல் ஆட்டத்தில் நாலு முறை போனேன்.
காரியாபட்டிக்காரர்கள் வந்த அன்று ஆறு.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஐந்து.
அங்கே வலை இருந்தது.
முள் குத்தாமல் தோற்பது
ஒரு மாதிரி வசதியாகத்தான் இருந்தது.

பாதி நேரத்தில் அமல்தாஸ் சார்
ஒன்றும் சொல்ல மாட்டார்.
நாலு சாத்துக்குடியைப்
பதினோரு பேருக்குச் சமமாக அறுக்க முயன்று
ஒவ்வொரு முறையும் தோற்பார்.
விசில் ஊதிவிடும்.

கேன்டீனில் மொக்கைச்சாமி அண்ணன்
"எத்தனை?" என்பார்.
வடையைக் கேட்கிறாரா கோலைக் கேட்கிறாரா
தெரியாமல் விரலைக் காட்டுவோம்.
எப்படியும் சரியாக இருக்கும்.

ஆறு ஆட்டம், இருபத்தேழு.
நாங்கள் அடித்தது ஒன்றுமில்லை.
போஸ்ட்டில் பட்டது ஒன்று.
அந்தச் சத்தத்தை ரிஸ்வான்
ஒரு வாரம் வாயால் செய்து காட்டினான்.

ஏழாவது ஆட்டத்துக்குத் திண்டுக்கல் டீம் வரவில்லை.
வாடிப்பட்டியில் பஸ் ரேடியேட்டர் கொதித்து நிற்கிறதாம்.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்,
நாகமலையைப் பார்த்தார்,
விசிலை ஊதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.
ஜெயித்துவிட்டோம்.
கையை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.
தவசி மட்டும் "ஏய்" என்று ஒருதரம் கத்தி
நாலா பக்கமும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.
நடுவர் டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளம்பினார்.

ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள்,
கேட்டிலிருந்தே ஓட்டமாக,
பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு.
விஷயம் கேட்டு அவர்கள் கேப்டன்
மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றான்.
பிறகு, "வந்தது வந்துட்டோம்,
சும்மாவாச்சும் ஆடுவமா?"

ஆடினோம்.
ஃபவுல் செய்தவனே ஃபவுல் என்றான்.
கோட்டைத் தாண்டியதா என்று
தாண்டவிட்டவனையே கேட்டோம்.
அமல்தாஸ் சார் கத்தியை மடக்கி வைத்துவிட்டு
எழுந்து நின்று பார்த்தார்.

நான் இரண்டு விட்ட பிறகு
தூரத்தில், அந்தக் கோலில்,
முதலில் ஒரு அமைதி, பிறகுதான் கூச்சல்.
எங்கள் பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் கிடந்தார்கள்.
அந்த அமளிக்கு நடுவே
அவர்கள் கோலி திரும்பித்
தலை குனிந்து நடந்தான்.
அந்தப் பக்கமும் கருவேலம்தான்.
இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்:
"குனியாதப்பா, கண்ணுல குத்தும்!
கால விட்டுத் தள்ளு, தன்னால வரும்!"
அவன் கையைத் தூக்கிக் காட்டினான்.

இரண்டாவது கோல் கார்னரிலிருந்து.
ரெண்டுக்கு ரெண்டு.
அதற்குள் இருட்டிவிட்டது.
பைக்குகளை வரிசையாக நிறுத்தி விளக்குப் போட்டார்கள்.
மூன்றாவது பந்து எந்தப் பக்கம் வந்தது என்றே
எனக்குத் தெரியாது,
காதோரம் காற்று மட்டும்.
அதை எடுக்கப் போகவில்லை.
மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன்.
பஞ்சராகி, பனியில் நனைந்து,
ஒரு ஓணான் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

நோட்டீஸ் போர்டில் இப்படி இருக்கிறது:
ஆட்டம் ஏழு. வெற்றி ஒன்று.
அடித்த கோல் என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்த இரண்டாவது கோல் யாருடையது என்று
செல்வினுக்கும் ஒச்சப்பனுக்கும் இன்னும் தீரவில்லை.
தலையில் பட்டது என்கிறான் இவன்,
என் தோளில் பட்டுத்தான் உள்ளே போனது என்கிறான் அவன்.
நூறு மீட்டர் தள்ளி
அரை இருட்டில் நின்றவன் நான்,
என்னைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.
ராத்திரி புரோட்டாக் கடையில்
ஆஃப்பாயில் யார் வாங்கித் தருகிறானோ
அன்றைக்கு அது
அவன் அடித்த கோல்.