தெரியாதது 14

மன்னவனூரில் நாலு மணிக்கே மூடுபனி வந்து
ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தட்டும்.
அதற்குப் பிறகு ஆள் வராது.
டாங்கிளைச் செருகுவேன்.
கட்டைவிரல் நீளம்தான், கூரியரில் வந்தது.

திரையில் அருவி இறங்கத் தொடங்கும்.
அருவி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.
சத்தமில்லை, சாரலில்லை,
நீலமாய்க் கீழே போய்க்கொண்டேயிருக்கும் இரைச்சல்.
அதில் மஞ்சளாய் எது விழுந்தாலும்
யாரோ எதையோ சொல்கிறார்கள்.

பண்பலை தெரியும், தாட்டியான ஆள்.
மதுரைக்கு இறங்கும் விமானம் தெரியும்.
வனத்துறை வாக்கிடாக்கி
இருமிவிட்டுத்தான் பேசும்.
இவர்களுக்கெல்லாம் நோட்டில் பெயர் எழுதி
டிக் அடித்தாயிற்று.

நானூற்று முப்பத்துமூன்று புள்ளி ஒன்பது.
நாற்பத்தெட்டு நொடிக்கு ஒரு தரம்
ஒரு சின்னச் சொடக்கு.
கார்த்திகையிலிருந்து.
நோட்டில்: தெரியாதது 14.

முதலில் ஒற்றன் என்று ஆசைப்பட்டேன்.
பிறகு கழுத்துப்பட்டை போட்ட ஏதோ மிருகம் என்று.
மிருகமானால் நடக்கும்.
இது சாய்ந்தது, அவ்வளவுதான்.
இரவு ஏற ஏறக் கோடு இடப்பக்கம் ஒதுங்கும்,
வெயில் வந்ததும் திரும்பும்.
குளிர் படுகிற ஏதோ ஒன்று
வெட்டவெளியில் இருக்கிறது.
இரண்டரை மணிக்கு மட்டும் கால்மணி நேரம்
வலப்பக்கம் நெளியும்.
அதற்குக் காரணம் அகப்படவில்லை.

பில் தாளின் பின்பக்கத்தில்
இடைவெளிகளை எழுதினேன்.
நீண்டது ஒன்று, குட்டை சுழி.
மொத்தம் முப்பத்தாறு.
முதல் எட்டு மாறவே மாறாது, அது அதன் பெயர்.
நடுவில் பன்னிரண்டு பிட்
ராத்திரியெல்லாம் கீழிறங்கி ஏழு என்று நின்ற விடியலில்
பைக் சீட்டில் உறைபனி.
ஏழென்றால் புள்ளி ஏழு டிகிரி.
கத்தினேன். கேட்க ஆளில்லை.

ஒன்பதாவது பிட் எப்போதும் சுழி.
தை பிறந்த மூன்றாம் இரவு அது ஒன்று.
அப்படியே நின்றது.
பேட்டரி தீரப்போகிறது என்பதை
இதைவிடச் சிக்கனமாய்ச் சொல்ல முடியாது.

இஞ்ச் டேப்பை வெட்டிப்
பிவிசி குழாயில் கட்டிய ஆண்டெனாவோடு கிளம்பினேன்.
"செட்டாப் பாக்ஸ் தகராறா?" என்றார் பஸ் கண்டக்டர்.
இந்தப் படிக்கட்டு வயல்களில்
சிக்னல் எதிர்மலையில் முட்டித் திரும்பும்.
ஒரு முழு மதியம் வெறும் பாறையைத் துரத்தினேன்.
பிறகு நின்ற இடத்தில் சுற்றினேன்.
எந்தத் திசைக்கு முதுகு காட்டினால்
அது அடங்குகிறதோ
அந்தத் திசை.

கவுஞ்சிச் சரிவில் கேரட் காடு.
வேலி மூங்கிலில் சோப்புப்பெட்டி அளவில் வெள்ளை டப்பா,
நாற்பத்தெட்டு நொடிக்கு ஒரு தரம்
சிவப்பாய்க் கண் சிமிட்டியது.
அதன் கீழே சாம்பல்.

வேலுத்தாய், பத்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு.
"ரிசார்ட்டக் காலி பண்ணப்பக் கெடச்சது.
லைட்டப் பாத்தா பன்னி யோசிக்கும்.
காட்டுமாடு யோசிக்காது."
இது பேசும் என்றேன்.
"என்ன பேசும்?"
எவ்வளவு குளிர் என்று.
"அதச் சொல்ல ஒரு டப்பாவா?"
உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.
தினம் ரெண்டரைக்கா நெருப்பு மூட்டுற, என்று
கேட்டிருக்கக் கூடாது.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"எவன் சொன்னான்?"

இரண்டு பென்சில் பேட்டரி மாற்றிவிட்டு வந்தேன்.

இரவு அருவியில் தேடினேன்.
ஒன்பதாவது சுழி. குளிர் நாலு டிகிரி.
ஆனால் முதல் எட்டும் வேறு.
பேட்டரி மாற்றினால் இந்த ஜாதி டப்பா
தனக்குப் புதுப்பெயர் வைத்துக்கொள்ளுமாம்.
அதே வேலி, அதே மூங்கில்,
நோட்டில் அன்னியன்.

இரண்டரைக்குக் கோடு நெளியவில்லை.
மூன்றுக்கும் இல்லை.
மூன்றே காலுக்கு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.
விறகு ஈரமா,
அசந்து தூங்கிவிட்டாளா,
இல்லை, எனக்காகவே நேரத்தை மாற்றினாளா?
முப்பத்தாறையும் திரும்ப எண்ணினேன்.
அதற்கு இதில் பிட் இல்லை.