தொண்ணூறு நாள்

நள்ளிரவு தாண்டி நாலு நிமிஷம்.
ஏற்காட்டில் ஜெசிந்தாவின் விடுதித் தளத்தில்
பூட்டுச் சின்னத்தைக் காணோம்.
தொண்ணூறு நாள் சான்றிதழ்.
புதுப்பிக்க மறந்தது நான்தான்.

அஸ்தம்பட்டியில் மின்விசிறிக்குக் கீழே
பதிவுகளை உருட்டுகிறேன்.
அம்மாபேட்டையோ ஆத்தூரோ, யாரோ ஒருவர்
இரண்டு பேர், ஓரிரவு, மலைப்பக்க ஜன்னல்
என்றெல்லாம் நிரப்பியிருக்கிறார்.
பதினொன்று ஐம்பத்தெட்டு.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
மூட்டம் இறங்கினால்
முன்னே போகிற வண்டி யாருடையது,
உள்ளே இருப்பது ஆளா, மிளகு மூட்டையா,
எதுவும் தெரியாது.
அட்டை எண்ணும் அப்படித்தான் ஏறவேண்டும்.
ஆனால்
மூட்டம் மட்டும் போதாது.
மேலே கதவைத் திறக்கிற கை
ஜெசிந்தாவின் கைதானா?
தெரிந்த ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்லவேண்டும்.
அந்தக் கையெழுத்துக்கும் ஆயுசு உண்டு.

ஒரு வரிக் கட்டளை. முப்பது நொடி.
பூட்டு வந்துவிட்டது.
வெந்நீர் வருமா,
போர்வையில் ஈரவாடை அடிக்குமா,
வராவிட்டால் முன்பணம் திரும்புமா,
பூட்டுக்குத் தெரியாது.
வழியில் எவரும் எட்டிப் பார்க்கவில்லை,
சேர்ந்தது சரியான வாசல்:
அவ்வளவுதான் அது சொல்லும்.
அதற்கு மேல் கேட்டால்
பூட்டைக் குறை சொல்லக்கூடாது.

காலையில் ஜெசிந்தா கூப்பிட்டாள்.
"ஒரு ரூம் போச்சா?"
"போச்சு."
அவளிடம் சொல்லாதது:
சிவப்பு எழுத்தைப் படித்து
பாதியில் பின்வாங்கிய அந்த விரல்மேல்
எனக்கு இரவெல்லாம்
ஒரு மரியாதை.