பாவனை

அப்புத்தளைக்கு மேலே, மூடிப்போன பெக்டரியில்
கொழுந்து வாட்டிய மாடம்தான் தியான மண்டபம்.
போயா தோறும் அங்கே எனக்கு வேலை,
அபேகோன் மாத்தயாவின் சிங்களத்தைத் தமிழாக்குவது.
கூலி, பஸ் காசும் ஒரு பார்சல் சோறும்.

முதல் நாளே சறுக்கினேன்.
அவர் பாவனா என்றார். நான் பாவனை என்றேன்.
"நடிக்கவா மிஸ் இவ்வளவு தூரம் ஏறி வந்தோம்?"
என்றாள் செபஸ்தியம்மா.
அவர் சதி என்றார்.
அப்படியே சொல்லிவிட்டேன்.
பின்வரிசையில் சங்கத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
நினைவு என்று மாற்றினேன்,
அதுவும் சரியாகப் பொருந்தவில்லை.
அவர் துக்கம் என்றார்.
அங்காயி தலைத்துணியை இழுத்துவிட்டு
"எந்த லயத்துல?" என்று கேட்டாள்.
அதைத் திருப்பி அவருக்குச் சொன்னேன்.
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு,
"எல்லா லயத்திலும் என்று சொல்லுங்கள்."

சாமியார் கிடையாது அவர்.
முப்பத்தொரு வருஷம்
கொழும்பு ஏலக் கம்பனியில் தேயிலை ருசி பார்த்தவர்.
நாளுக்கு முந்நூறு கோப்பை.
கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சி,
நாக்கில் ஒரு நொடி வைத்து,
தொட்டியில் துப்பி, அடுத்தது.
மூச்சையும் அப்படித்தான் சொல்லித் தந்தார்.
வருவதை எடு. என்னவென்று அறி. விழுங்காதே.
கோபமா, கோபம். முழங்கால் கடுக்கிறதா, கடுப்பு.
துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போ.

கேட்டிருந்தவர்கள் எல்லாரும்
அந்தக் கோப்பைகளுக்குக் கொழுந்து பறித்தவர்கள்,
கழிவுத்தூள் தவிர வேறு குடித்தறியாதவர்கள்.
"அடியாத்தே, துப்பறதுக்கா பறிச்சோம்" என்றாள் அங்காயி.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அவர் என் முகத்தையே பார்த்திருந்தார்.
சொன்னேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
கம்பிவலை வழியே பனி உள்ளே வந்து
முன்வரிசைக் கால்களை மூடிக்கொண்டிருந்தது.
ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்ததைத் தொடங்கி
என்னென்னவோ பேசினார்,
மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்:

"ஒரு ஆடி மாதம். இந்தப் பெக்டரியின் தேயிலை.
நூற்றுப் பதினேழாம் கோப்பை.
உறிஞ்சினேன். புகை.
உலர்த்தும் அடுப்பின் புகையை எனக்குத் தெரியும்,
இது வேறு. இதில் துணி இருந்தது,
கூரைப் பலகை இருந்தது.
மலையில் லயங்கள் எரிகின்றன என்று
காலையில்தான் பேப்பரில் பார்த்திருந்தேன்.
நாக்கு அறிந்தது.
துப்பினேன்.
பேரேட்டில் எழுதினேன்,
புகை வாடை, விலை குறைக்க.
நூற்றுப் பதினெட்டை எடுத்தேன்."

மொழிபெயர்ப்பில் ஒரு வழக்கம்,
அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
என் வாயால்தான் சொன்னேன், துப்பினேன் என்று.
அந்த ஆடியில் எனக்கு ஒன்பது மாதம்.
நான்காம் காம்பரா.
கொழுந்துக் கூடைக்குள் என்னைப் போட்டுக்கொண்டு
கான் வழியே இறங்கி ஓடினார்களாம்.
கூடையில் வாடை போக
மூன்று மழைக்காலம் ஆயிற்றாம்.

இதை அவருக்குச் சிங்களத்தில் சொல்ல
எனக்கு வார்த்தை இருந்தது.
சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

"அறிந்த பிறகு துப்பக்கூடாதவையும் உண்டு," என்றார்,
"எவை என்று முழுக்கத் தெரியாது.
அதற்காகத்தான் தினமும் உட்கார்கிறேன்."
மணி அடிக்க மறந்துபோனார்.

செபஸ்தியம்மா பிளாஸ்க்கைத் திறந்து
சாயத்தண்ணி ஊற்றினாள்.
அவர் கையை இழுத்து, உள்ளங்கையில்
ஒரு சிட்டிகைச் சீனி வைத்தாள்.
நக்கிக்கொண்டு குடித்தார்.
பழக்கதோஷம், உறிஞ்சும் சத்தம் மாடம் முழுக்கக் கேட்டது.
எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்தோம்.
விழுங்கினார்.

ஏதோ முணுமுணுத்தார்.
"என்னா சொல்றாரு?" என்றாள் அங்காயி.
"தூள் சரியில்லையாம்."
"அது எங்களுக்குத் தெரியுமே" என்றாள்,
கோப்பையை வாங்கி
இன்னொரு தரம் நிரப்பினாள்.