கேட்டில் நிற்கும்போது

ஓடினால் ஒன்றுமில்லை.
மண்டபத்திலிருந்து எழுபதில் விரட்டினால்
முள் பாதியில் படுத்துத் தூங்கும்.
உச்சிப்புளி கேட்டில் நின்றால் போதும்,
முதலில் என் தொடைக்குத் தெரிந்துவிடும்.
ஆம்னிக்கு எஞ்சின் சீட்டுக்கடியில்.
அதற்குக் காய்ச்சல் வந்தால்
என் லுங்கி காயும்.

பின்னால் ஆறு பெட்டி நண்டு.
ஆறு மணிக்கு மேல் கம்பெனியில் எடை போடமாட்டார்கள்.

ராமநாதபுரத்தில் ஒருவர்
தெர்மோஸ்டாட்டை மாற்றினார்,
ரேடியேட்டர் மூடியை மாற்றினார்,
ஆயிரத்து நானூறு வாங்கிக்கொண்டு
‘இனி பயப்படாம ஓட்டுங்க’ என்றார்.
ஓட்டுவதற்கு நான் எப்போது பயந்தேன்?
நிற்பதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை, மறுபடி கேட்.
முள் சிவப்பைத் தொட
கலீலுல்லா காக்காவுக்குப் போன் போட்டேன்.
‘ஃபேன் சத்தம் கேக்குதா?’
‘கேட் மணி கேக்குது காக்கா.
பெட்டிக்குள்ள நண்டு பிராண்டுறது கேக்குது.
பின்னாடி பஸ்காரன் எங்கம்மாவ விசாரிக்கிறது கேக்குது.’
‘ஃபேன்?’

இறங்கி, குனிந்து, முன்பக்கம் காதை வைத்தேன்.
எஞ்சின் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தது.

‘ஆஃப் பண்ணு.
சூட்டோட மூடியத் தொறந்துராத, மூஞ்சி போயிரும்.
நான் தொழுதுட்டு வர்றேன்.’
வரவில்லை. அவருக்கு வேறு வண்டி.

இரவு, வேதாளையில், உடைமரத்தடியில்
நம்புச்செல்வி டார்ச் பிடித்தாள்.
பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராக ஒரு வயர் கொடுத்தேன்.
சுற்றவில்லை.
மோட்டார் போச்சு, மூவாயிரம் என்று
மனசு அதற்குள் கடன் கேட்க
யார் வீட்டுக்குப் போவதென்று யோசிக்கத் தொடங்கிவிட்டது.

‘இந்தக் கருப்பு வயரு எங்க போகுது?’
அவள் கம்பெனியில் நண்டு உடைக்கிறவள்.
சதைக்குள் ஒளிந்த ஓட்டுச்சில்லை
நகத்தால் கண்டுபிடிக்கிற கை.
டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு
வயரைப் பிடித்துக்கொண்டே போனாள்.
பாடியில் ஒரு போல்ட்டு.
அதன் கழுத்தைச் சுற்றிப் பச்சைப் பொடி.
‘பாசி புடிச்சிருக்கு.’
பாசியில்லை, உப்பு.
நாலு வருடமாகக் கரைக்கே ஓட்டிக்கொண்டுபோய்
அலைக்கு முகம் காட்டி நிறுத்தினால்
கடல் சும்மா இருக்குமா.
எர்த் செத்திருந்தது.
மண்ணிலேயே நிற்கிற வண்டிக்கு
எர்த் கிடைக்கவில்லை!

பிளேடால் சுரண்டினேன், உப்புத்தாள் போட்டேன்,
புது வாஷர், மேலே கிரீஸ்.
மறுபடி வயரை வைத்ததும்
விசிறி ஒரு தும்மல் தும்மிச் சுற்றியது.
சல்லடையில் சிக்கிக் கிடந்த மீன் செதிலும் மணலும்
அவள் முகத்தில் அடித்தன.
அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆறிய ரேடியேட்டரைத் திறந்தால்
வரக்காப்பி நிறத்தில் தண்ணீர்.
போர்த் தண்ணீர் ஊற்றியது நான்தான்,
கேட்க ஆளில்லை என்று.
கழுவி, கூலண்டு கலந்து நிரப்ப நல்ல தண்ணீர் வேண்டும்.
எங்கள் தெருவில் குடம் பதினைந்து ரூபாய்,
அதுவும் லாரி வந்தால்.
வீட்டிலிருந்தது ஒன்றரைக் குடம்.
அவள் குடத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்,
அரைக் குடத்தைத் தூக்கிவந்து வைத்துவிட்டு
‘காலையில ஒனக்கு டீ கெடையாது’ என்றாள்.
கிடைக்கவில்லை.

சனிக்கிழமை, அதே கேட்.
மணி அடித்தது, கம்பு இறங்கியது.
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
தொடை மெல்லச் சூடானது.
முள் பாதியைத் தாண்டி ஒரு நூல் ஏறியது,
இன்னொரு நூல்.
சாவியில் கை வைத்தேன்.
அப்போதுதான் முன்னால் ‘டக்’கென்று ஒன்று விழித்துக்கொண்டு
காற்றை இழுக்க ஆரம்பித்தது.
முள் தயங்கி, இறங்கியது.
விசிறி தானாக நின்றது.

ரயில் போனது. கம்பு ஏறியது.
இன்னொரு தடவை சுற்றுமா என்று பார்க்க
நான் நகரவில்லை.
பின்னால் பஸ்காரன்
மறுபடி எங்கம்மாவை விசாரித்தான்.