நான்காம் மேசை

புர்காஸ் நீதிமன்றத்தில்
நீதிபதிக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி,
சட்டம் படிக்காதவர்களுக்கு.
இந்த வழக்குக்கு அதில் நான்.
பேருந்து நிலையத்தில் முப்பது வருடம்
சீட்டுக் கிழித்துக் கொடுத்தவன்.

குற்றப்பத்திரிகை பதினோரு பக்கம்.
கனமான சொல் ஒன்றுதான்:
தெரிந்தே.

செவ்வாயன்று குளிர்பெட்டி நின்றது.
வெள்ளியன்று முதலாளி ருமென்
எலுமிச்சை வாங்கிவரச் சொன்னார்,
ஒரு மூட்டை.
சனி இரவு
முப்பது தட்டு சிப்பி மேசைகளுக்குப் போனது,
பூண்டு தூக்கலாக.
பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.
பதினெட்டுப் பேர் வீடு திரும்பினார்கள்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனைத்
திட்ட நமக்கு வார்த்தை இருக்கிறது.
உண்ண வந்தவனுக்குச் செய்தால்?

ருமென் அந்த வாரம் சோபியாவில் இருந்தாராம்.
ரயில் சீட்டுகளைக் காட்டினார்.
(நான் பார்த்த வரையில்
அசல் சீட்டுகள்தான்.)
எலுமிச்சை சொன்னது போனில்;
போனில் எதுவும் நாறாது.
சமையல்காரர் கெஞ்சோவுக்கு
ஜனவரியிலிருந்து மூக்கில் வாசனையே ஏறவில்லை.
மருத்துவர் கையெழுத்து இருந்தது, முத்திரையோடு.
மூன்றாவது ஸ்லாத்தினா,
தட்டு தூக்கியவள்.
இருபத்தாறு வயது.
எதையும் காட்டவில்லை.
எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள்,
மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்காக ஒரு சாட்சி வந்தாள்,
ராலித்சா, இடுப்பில் குழந்தையோடு.
"அன்று எனக்கு ஏழாம் மாதம்.
நான்காம் மேசை.
சிப்பிதான் கேட்டேன்.
இவள் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்து
இன்றைக்கு அது வேண்டாம் அக்கா,
அவரைச் சூப் சாப்பிடுங்கள் என்றாள்.
இவள் நல்லவள்.
அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அரசு வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை.
பேனாவைத் திறந்தார்,
ஒரு வரி எழுதினார்,
மூடினார்.

ஸ்லாத்தினா கண்ணை மூடிக்கொண்டது
எனக்குத் தெரிந்தது.
ராலித்சாவுக்கு இன்னும் புரியவில்லை.
குழந்தையின் கையைப் பிடித்து
அவளை நோக்கி ஆட்டினாள்.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்,
திரும்பாத அந்த ஒருவரின் மகள்.
படகுக்குச் சாயம் அடிக்கிறவர் அவர்,
அன்று பென்ஷன் வந்த நாள்.
"ஒன்பதாம் மேசையிலும்
கொஞ்சம் குனிந்திருக்கலாமே"
என்றாள்.
உட்காரச் சொல்ல
யாருக்கும் வாய் வரவில்லை.

உள் அறையில் நீதிபதி ஆப்பிள் நறுக்கினார்.
வலப்பக்க நாற்காலிக்காரி மிலுஷா,
பள்ளி நூலகத்தில் வேலை,
துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே
பேசினாள்:
"வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள்.
இரக்கத்தைச் சாட்சியாக்கினால்
இனி எவள் குனிவாள்?"
"சட்டத்துக்குக் குனிந்தது கணக்கில்லை,
தட்டுதான் கணக்கு" என்றார் நீதிபதி.
இரண்டும் சரியென்றே பட்டது.
அதுதான் தொல்லை.

வாடகை பாக்கி, தெரியும்.
சொன்னால் வேலை போயிருக்கும், தெரியும்.
அவளுக்குத் தெரிந்தது சிப்பி மட்டுமல்ல.
ஆனாலும் சாயக்காரரின் மேசைக்கும்
அவள் காலால் நடந்துதானே போனாள்.
நல்லபடி சாப்பிடுங்கள் என்றும்
சொல்லியிருப்பாள், பழக்கத்தில்.

முப்பது தட்டுக்கும் குற்றம் என்று கையெழுத்திட்டேன்.
பிறகு தனித்தாள் கேட்டு வாங்கி எழுதினேன்:
எலுமிச்சை சொன்னவருக்கு
தட்டு தூக்கியவளைவிட ஒருநாளாவது
கூடுதலாக வேண்டும்.
ஒருநாள் என்பது பேரம்போல் இருந்தது.
அடித்தேன்.
ஒருவருடம் என்று எழுதினேன்.
அதுவும் பேரம்தான்.
அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது,
கடைசிப் பக்கமாக.
மூக்குச் செத்தவர்
அன்றே வீட்டுக்குப் போனார்.

இரவு படித்தொகையை எடுத்துக்கொண்டு
துறைமுகத்தெருவில் ஒரு கடைக்குப் போனேன்.
மீன் சொன்னேன்.
மேசை துடைக்க ஒரு பையன் வந்தான்,
குனிந்தான்.
நான் காதைக் கொடுத்தேன்.

துடைத்துவிட்டுப் போனான்.