ஒரு கரண்டி மீன்வாசம்

குளத்தடிச் சேற்றைக் குழாயில் இழுத்து
ரொட்டிபோல் வட்டமாய் அரிந்தாள் கோடெலீவ்.
லூவனுக்கு வெளியே, மழை விடாத ஜூன்.

அடியில், மீன் வருவதற்கு முந்தைய சேறு.
நடுவில், தூண்டில் சங்கத்தார் கெண்டைக்குஞ்சுகளை
வாளி வாளியாய்க் கொட்டிய வருடங்கள்.
மேலே, சங்கம் கலைந்தபின் படிந்தது.

மூன்றிலும் தண்ணீர்த்தெள்ளின் முட்டைகள்,
கடுகளவு கறுப்பு உறைக்குள் இரண்டிரண்டாய்.
வெளிச்சம் பட்டதும் பொரிந்தன.
நாற்பது வருடத் தூக்கம், ஒரு கொட்டாவியும் இல்லை.

பிறகு ஜாடிக்கு ஒரு கரண்டி
மீன் நீந்திய தண்ணீர்.
மீன் இல்லை. வாசம் மட்டும்.

நடு அடுக்குக் குஞ்சுகள்
விளக்கை விட்டு விறுவிறுவென இருட்டுக்கு இறங்கின.
மீனையே கண்டிராதவை;
கண்டு பிழைத்தவற்றின் பிள்ளைகள்.
மேலடுக்குக் குஞ்சுகள் பாதி இறங்கி
யோசிப்பதுபோல் நின்றன.
அடிச்சேற்றுக் குஞ்சுகளோ
விளக்கடியிலேயே மேய்ந்துகொண்டிருந்தன.

"பாவம், தின்னப்படத் தெரியாதவை" என்றேன்.
"மேயத் தெரிந்தவை" என்றாள், கையைத் துடைத்தபடி.

காலையில் அந்த ஒரு ஜாடி தெளிந்திருந்தது,
பின்பக்கச் சீட்டில் அவள் எழுதிய தேதியை
தண்ணீர் வழியாகவே படிக்க முடிந்தது.

ஜன்னலுக்கு வெளியே குளம்
கரைவரை பச்சை.
நடுவில் எதுவோ ஒருமுறை புரண்டது.